தவமணி படித்துச் சொல்லாத கடிதம்

தவமணி,

சோறு வடித்து வைத்திருக்கிறேன். நெத்திலி சம்பல் மூடிய கிண்ணத்தில் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் அத்தையிடம்.

நான் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். போன மாதம் கிளினிக்கில் நர்ஸ் என் மார்பைத் தொட்டுப் பார்த்தாளே, அதற்குப் பிறகு வந்த மலாய்க் கடிதத்தை, எனக்கு மலாய் படிக்கத் தெரியாததால், உன்னிடம்தான் கொடுத்தேன். "ஒன்னும் இல்லம்மா, எல்லாம் நல்லாருக்குன்னு போட்டிருக்கு" என்றாய். நம்பித் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய்விட்டேன்.

கட்டி கையில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. நேற்று டவுனுக்குப் போனபோது மளிகைக்கடை லத்தீஃபாவிடம் கடிதத்தைக் காட்டினேன். "அக்கா, ஒடனே ஈப்போவுக்கு வரச் சொல்லிருக்காங்க. தேதி தாண்டி ரெண்டு வாரம் ஆச்சே" என்றாள். நேரே வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டேன்.

முதலில் அப்பாவிடம் படித்துச் சொன்னதாகவும், அவர்தான் என்னிடம் அப்படிச் சொல்லச் சொன்னார் என்றும் அழுதாய். "ஆம்பள டாக்டர் தொடுவான், லயத்து வீடுங்கள்ல நாலு பேரு பேசுவாங்க" என்றாராம். அவர் அப்படித்தான். ஆனால் நீ? "பொட்டப்புள்ளைக்கு எதுக்குப் படிப்பு" என்று எல்லோரும் சொல்லியும் உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாமல் வைத்திருந்தேனே, இதற்காகவா?

லத்தீஃபா கூட வருகிறாள். டாக்டர் சொல்வதை மறைக்காமல் சொல்வாள்.

அம்மா

அரிசி ஊறுகிறது, சாயங்காலம் ஆட்டிவிடு.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. இந்தச் சீட்டை நீதான் அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். ஒரு வரியும் விடாதே.