மாடியில் பாதிக் கரண்டு

என் வீட்டுக்காரருக்கு,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். அதனால் இந்தக் கருவாட்டுப் பார்சலுக்குள் கடிதம் வைக்கிறேன்.

முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் சோலார் பேனல் போட்டுவிட்டு, நீங்கள் வடக்கே அனல்மின் நிலைய வேலைக்குத் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. கிளம்பும்போது எனக்குப் பாடம் நடத்தினீர்கள். "நெலக்கரியோ அணுவோ, எதுவானாலும் தண்ணிய ஆவியாக்கி டர்பைன சுத்த வெக்கணும். அணையிலயும் காத்தாலையிலயும்கூட ஏதாவது ஒண்ணு சுத்தியாவணும். வெயிலுக்கு அந்த வேலயே கெடயாது. பேனல் சும்மா படுத்துக் கெடந்தாலே கரண்டு வரும்."

அங்கிருந்தபடியே நம் மாடிக் கரண்டைப் போனில் பார்க்கிறீர்கள். சென்ற மாதம் மூன்று நாள் தொடர்ந்து கூப்பிட்டு, "என்னாடி, பத்து மணிக்கு மேல பாதியா கொறஞ்சிடுச்சி?" என்றீர்கள். முதல் நாள் மேகம் என்றேன். மறுநாள் காக்கா என்றேன். மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் பேசினோம்.

நெத்திலி எப்படிக் காய்ந்திருக்கிறது? ஒரு பொட்டு மணல் இல்லை பாருங்கள். அந்தப் பேனல் கண்ணாடியின் சூடு அப்படி.

பிறகு பேனலைக் கழுவிவிட்டேன். கரண்டு முழுதாக வருகிறது. பதினோரு நாளாக உங்களிடமிருந்து ஒரு போன் இல்லை.

நாளை வஞ்சிரம் வாங்கப் போகிறேன். அது காய ஒரு வாரம் ஆகும்.

இப்படிக்கு,
உங்கள் மாடி மின்நிலையப் பொறுப்பாளர்