டி பதினாலாம் வீட்டுப் பிள்ளை

யூன் 9, திங்கள்

விடியவே சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கொடியில் போட்ட மகள் அகியின் சட்டை இரண்டும் பக்கத்து வேலியில். எடுத்தாயிற்று.

முதலாம் வகுப்பு விண்ணப்பம், மாத முடிவுக்குள். தேட வேண்டியவை:
– அகியின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் (அகல்யா என்ற முழுப்பெயரில்; அலுமாரி, நீலப் பைல்)
– கரண்ட் பில்
– வாக்காளர் இடாப்பில் எங்கட பெயர் உள்ள பக்கம்
– விளக்குமாறு (இதையும் காணவில்லை)

மச்சாள் போன் எடுத்தா. இவருடைய அக்கா, கொக்குவிலில் வீடு. அகியை யாழ்ப்பாண ரவுண் பள்ளிக்கூடத்தில்தான் சேர்க்க வேணுமாம். கிட்ட இருக்கிற பிள்ளைகளைத்தான் எடுப்பினமாம், அதனால் தன்னுடைய விலாசத்தைப் போடட்டாம், மேல் அறையில் வாடகைக்கு இருக்கிறோம் என்று கடிதம் தருவாவாம். எல்லாரும் செய்யிறதுதானாம். இங்கே வேலணையில் எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, முதலாம் வகுப்பில் ஏழு பிள்ளைகள். அதைச் சொன்னேன்.

"ஏழு பிள்ளையளோட கிளித்தட்டு விளையாடவும் ஏலாது" என்றா.

சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஓம் என்றுவிட்டேன். அகிக்கு ஒன்று குறைந்துபோனால் பிறகு ஆரைக் கேட்கிறது?

படிவத்தில் 'தாய் கற்ற பாடசாலை' என்று ஒரு கட்டம். எங்கட கடதாசி ஆலைப் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதினேன். இங்கே ஒருவருக்கும் தெரியாத பெயர்.

யூன் 10, செவ்வாய்

காற்று. குசினி முழுக்க மணல்.

அந்தக் கட்டம் செய்த வேலை, நாள் முழுக்க ஆலை ஊர்தான் மனதில். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக்கு வேலைக்குப் போனவர். கடதாசிக் கூழ்த் தொட்டிப் பகுதி. ஆலைக்காரருக்கென்று வரிசை வரிசையாய் வீடுகள். பி வரிசை எஞ்சினியர்மாருக்கு, முன்னுக்குக் குரோட்டன் செடி. சி வரிசை கிளாக்கர்மாருக்கு. டி வரிசை நாங்கள். ஆறு வீட்டுக்கு ஒரு பைப்.

முதலாம் வகுப்பில் மூன்று கவிதா. ரீச்சர் இடாப்புக் கூப்பிடும்போது வீட்டு நம்பரையும் சேர்ப்பா. சி ஒன்பது கவிதா, டி மூன்று கவிதா, டி பதினாலு கவிதா. பதினாலு நான். விளையாட்டில் வெறும் "பதினாலு, ஓடு."

கூழ் மணம் எங்களுக்குத் தெரியாது. வெளி ஆட்கள் வந்து மூக்கைப் பொத்தினால்தான் நினைவு வரும்.

பழைய கடதாசி லொறி வருகிற நாள் அப்பாவின் பைக்குள் எனக்கு ஏதாவது இருக்கும். அட்டை கிழித்த கதைப்புத்தகங்கள் (அட்டை கூழாகாதாம், தனியாகக் கிழித்துவிடுவார்கள்). பெயர் தெரியாமலே படித்த கதைகள் எத்தனை. ஒருமுறை ஏதோ ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தவணைப் பரீட்சைத் தாள் ஒரு கட்டு. ஆரோ ஒரு பிள்ளைக்குக் கணக்கில் 31. நானும் டி மூன்றும் சிவப்புப் பேனையால் 80 போட்டு, 'கெட்டிக்காரி' என்றும் எழுதினோம்.

பின்னேரம் அகிக்கு விலாசம் பாடமாக்கினேன். நேர்முகத்தில் பிள்ளையையும் கேட்பினமாம். "நாற்பத்தாறு, கோயில் ஒழுங்கை, கொக்குவில்." மூன்றாம் தரமே பிழையில்லை. அது மாமி வீடெல்லோ, எங்கட வீடு எது என்று கேட்டாள். இது எங்கட வீடு, அது சொல்லுற வீடு என்றேன். சரி என்றாள். அவ்வளவு கெதியாய்ச் சரி என்றது பிடிக்கவில்லை.

யூன் 12, வியாழன்

ரவுணுக்குப் போய் அகிக்குச் சப்பாத்து. திரும்பும்போது வேலணை பஸ்ஸில் சரியான சனம். முன் சீட்டில் ஒரு அம்மா அகியைத் தன் பக்கத்தில் இருத்தினா. நான் நெரிசலில் பின்னுக்குத் தள்ளுப்பட்டுப் போனேன்.

பண்ணைப் பாலத்துக்குக் கிட்ட கொண்டக்டர் பகிடியாய்க் கேட்டிருக்கிறார், தங்கச்சிக்கு எவடத்தை இறக்கம் என்று. அகி முழு விலாசமும் சொல்லியிருக்கிறாள். கொக்குவில். அது எதிர்ப்பக்கம் என்று கொண்டக்டர் பஸ்ஸை நிற்பாட்டினார்.

"ஆற்றை பிள்ளை இது? பஸ் மாறி ஏறிட்டுது. இதோட இறக்கிவிட்டால்தான் உண்டு."

அந்த அம்மா அகியின் கையைப் பிடித்தபடி எழும்பிவிட்டா. தானே கொண்டுபோய் விடுகிறாவாம், பாவம். பையை எறிந்துவிட்டு ஆட்களுக்குள்ளால் பூந்து போனேன். என்ரை பிள்ளை என்றேன். அப்ப வீடு எங்கே என்றார் கொண்டக்டர். வேலணை என்றேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது. பிள்ளை வலு தெளிவாய்ச் சொன்னது, நாங்கள் நம்பிட்டம் என்றா அந்த அம்மா. கையை விட ஒரு நிமிஷம் யோசித்தா.

மண்டைதீவுச் சந்தி தாண்டியும் அகியின் கையை விடவில்லை.

அகி காதுக்குள்: "சரியாச் சொன்னனான், என்னம்மா?"

யூன் 13, வெள்ளி

சப்பாத்து ஒரு சைஸ் பெரிசு. மாற்ற வேணும்.

ஆருக்கும் சொல்லாத ஒன்று. இரண்டாம் வகுப்பில் புது ரீச்சர் வந்தா. ஒவ்வொருவராய் மேசைக்குக் கூப்பிட்டு வீட்டு நம்பர் எழுதினா. எனக்கு முன்னால் போனது பி வரிசைப் பிள்ளை. அவளுடைய ரிபன் வடிவு என்றா ரீச்சர். அடுத்தது நான். வாயில் வந்தது, பி ஏழு.

இரண்டு நாளில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல். ரீச்சர் கொப்பியைப் பார்த்து நம்பர் சொல்ல, பியோன் சைக்கிள் பாரில் இருத்திக் கொண்டுபோனார். வெளியூர் ஆள், எங்களைத் தெரியாது. குரோட்டன் வைத்த கேற் தெரிந்தது. டி பதினாலு என்று சொல்ல வாய் எழும்பவில்லை. அந்த வீட்டு அன்ரி என்னை முன்பின் கண்டதில்லை. என் முகத்தைப் பார்த்தா. பியோனுக்கு, சரி விட்டிட்டுப் போங்கோ என்றா. கட்டிலில் படுக்க வைத்து மல்லித்தண்ணி தந்தா.

பள்ளிக்கூடம் விட்டும் நான் வீட்டுக்கு வரவில்லை. அம்மா, பிறகு முழு டி வரிசையும், கழிவுக் குளத்தடி வரைக்கும் தேடியிருக்கிறது. காய்ச்சல் தணிந்த பிறகுதான் அன்ரிக்கு உண்மையைச் சொன்னேன். ஆள் அனுப்பினா. அப்பா வேலை உடுப்போடேயே வந்தார். காற்சட்டையில் கூழ் காய்ந்து வெள்ளைப் பொருக்கு. கேற்றுக்கு வெளியே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு டி வரிசை வரும்வரை நடந்தார். பிறகு,

"எங்கட வீட்டுக்கு நம்பர் இல்லையோ பிள்ளை?"

அடிக்கவில்லை. பியோன் வீடு மாறி விட்டிட்டுப் போயிட்டார் என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டார்.

யூன் 14, சனி

இவருக்குப் பஸ் கதை முழுக்கச் சொன்னேன். பி ஏழையும் சொன்னேன். அகியை இந்த ஒழுங்கைப் பள்ளிக்கூடத்தில்தான் விடப் போகிறேன் என்றேன். படிவத்தை எடுத்து ஒருக்காப் பார்த்தார். பிறகு,

"அது சரி. அக்காவுக்கு ஆர் சொல்லுறது?"

"நான்."

"அப்ப நீர் சொல்லும், நான் கிணத்தடிக்குப் போறன்."

சொன்னேன். மச்சாள் பேசினா, பிள்ளையின் எதிர்காலத்தில் மண் போடுறீராம். முடியும்வரை கேட்டேன். மச்சாள், அந்தக் கூழ் மணத்துக்குள் படித்துத்தான் நான் கம்பஸுக்குப் போனனான் என்றேன். போன் வைக்கும்போது அகிக்குப் பனங்கட்டி அனுப்புகிறேன் என்றா. அப்ப பாதி சரி.

பயம் இருக்கிறது. இங்கிலீசுக்கு ரீச்சர் நிற்பாவோ, மழைக்கு ஒழுங்கை தாழுமோ. ஒவ்வொன்றாய்ப் பார்ப்பம்.

கொக்குவிலை அழித்து வேலணை என்று எழுதினேன். படிவம் அசிங்கமாய்ப் போச்சு. வேறொன்று எடுக்க வேணும்.

யூன் 16, திங்கள்

காற்று இல்லை. அதிசயம்.

புதுப் படிவத்தோடு பள்ளிக்கூடம். பிரின்சிப்பல் சேர் கண்ணாடியைத் தேடினார், சட்டைப் பொக்கற்றுக்குள் இருந்தது. 'தாய் கற்ற பாடசாலை' பார்த்து, ஆலை ஊரோ, அங்கே எந்தப் பக்கம் என்றார். டி வரிசை, பதினாலு என்றேன். குரல் நல்ல தெளிவாய் வந்தது.

பிறகு அகியைக் கேட்டார், பிள்ளையின்ரை வீடு எங்கே என்று.

அகி என்னைப் பார்த்தாள். "எந்த வீடு அம்மா?"

முகம் சுட்டது. "ஒண்டுதான். நாங்கள் படுக்கிற வீடு."

"இந்த ஒழுங்கையால போக பச்சைக் கேற்" என்றாள் சேருக்கு. "நாய் நிக்கும். கடியாது."

சேர் எழுதினார், நாயையும் சேர்த்தோ தெரியாது. அடுத்த வருஷத்துக்கு இதுவரை ஆறு பேராம், இவள் ஏழாவது. ஆனால் ஒரு சிக்கலாம், அந்த ஆறில் இன்னொரு அகல்யாவும் இருக்கிறாவாம். இடாப்புக் கூப்பிட்டால் இரண்டு பேரும் எழும்புவினம், என்ன செய்வம் என்று அகியிடமே கேட்டார்.

அகி யோசிக்கவே இல்லை.

"என்னைப் பச்சைக் கேற் அகல்யா எண்டு கூப்பிடுங்கோ."