தறிக்குழியில் ஒன்று, தொட்டியடியில் ஒன்று

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வரிகள் ஏறியும் இறங்கியும் போகின்றன. பட்டில் ஓர் இழை கோணவிடாத கை, பேனாவைப் பிடித்தால் நடுங்குகிறது. இந்த வருஷம்தான் முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றேன். நீ இருந்தவரை உனக்கு எழுத வேண்டிய தேவையே வரவில்லை. உன் ராட்டைக்கும் என் தறிக்கும் நாலடி தூரம்தானே.

இன்று காலை, வடை சுற்றி வந்த செய்தித்தாளை விரல் வைத்துப் படித்தேன். பூச்சிகளைப் பற்றியது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் சில்வண்டுகள் வேறு வேறு இனமாக இருக்கலாமாம். மரபணுவும் ஏறக்குறைய ஒன்றேதானாம். பாட்டு மட்டும் வேறாம். பெண் பூச்சி தன் இனத்தின் பாட்டுக்குத்தான் வருமாம்.

மறுபடி முதலிலிருந்து படித்தேன். நம் சண்டை அது!

என் கால் தொங்கும் தறிக்குழியில் கத்துவது ஒன்று, தண்ணீர்த் தொட்டியடியில் கத்துவது வேறு என்பாய் நீ. எல்லாம் ஒரே பூச்சி என்பேன் நான். ஒருநாள் இரண்டையும் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு உன்னிடம் நீட்டினேன்.

"இதுல எது குழிக்காரன், எது தொட்டிக்காரன்? சொல்லு பாக்கலாம்."

"பாத்தா இன்னா தெரியும்? பாடச் சொல்லுங்க."

இரண்டும் மூச்சு விடவில்லை.

"உங்கள மாதிரியேதான். நான் கேட்டா மட்டும் வாயத் தொறக்காதுங்க" என்று சொல்லித் திறந்து விட்டாய். அதற்குப் பிறகும் ராட்டையை நிறுத்தி, "கேக்குதா? குழிக்காரன்" என்று விரல் தூக்குவாய். நான் வேண்டுமென்றே தறியின் மிதியை ஓங்கி மிதிப்பேன்.

நீ ஜெயித்துவிட்டாய். அதைக் கேட்கத்தான் நீ இல்லை.

சாயங்காலம் தறிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மெல்லிய சத்தமெல்லாம் இந்தக் காதை விட்டுப் போய் நாளாகிறது. மருமகளைக் கூப்பிட்டு, என்ன கேட்கிறது என்றேன்.

"இன்னா மாமா, சில்வண்டு தான கத்திகினு இருக்குது?"

"கண்ண மூடிகினு கேளும்மா. எத்தனை?"

கண்ணை மூடிக்கொண்டாள். "அட, ஆமா மாமா. ரெண்டு! ஒன்னு இழுத்துப் பாடுது, ஒன்னு வுட்டு வுட்டுப் பாடுது."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டதை அவள் கேட்டாள்.

நமக்குள் தீராத வழக்குகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. வாரத்துக்கு ஒன்றாகத்தான் எழுதுவேன். சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது.