அடைப்புக்குறிக்குள் ஒரு சிரிப்பு

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து என் சிரிப்பு கேட்டது. நான் சிரிக்கவில்லை. ஆனால் மெதுவாகத் தொடங்கி, நடுவில் ஒரு மூச்சு நின்று, பிறகு கலகலவென்று இறங்குமே, அதே சிரிப்பு. உனக்குத் தெரியாததா? கத்தியை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். என் மகள் டேப் ரெக்கார்டரைப் போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். பள்ளி ஆண்டு விழாவுக்கு நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடப்போகும் சினிமாப் பாட்டாம். பையன் துப்பட்டாவை இழுப்பான், இவள் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடுவாள், அவன் வழியை மறிப்பான். அந்த இடத்தில் இவள் சிரிக்க வேண்டும்.

டேப்பை நிறுத்தினேன். "ஏம்மா நிறுத்தறே? இந்த இடத்துல நல்லா சிரிக்கணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க. கிளாஸ்லயே நான்தான் பெஸ்ட்டாம்," என்றாள்.

பெஸ்ட்டாகத்தான் இருந்தது. விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா?

அன்றைக்குப் பரணில் ஏறி நம் பழைய பாட்டு நோட்டை எடுத்தேன். அந்துருண்டை வாசனை. அட்டை கிழிந்திருக்கிறது, உன் கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. தாம்பரத்தில் ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீட்டில் குடியிருந்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, நீ வரி வரியாக எழுதித் தருவாய். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் அந்த வேலை உனக்கு. ஆண் பாடுவது நீலம், நான் பாடுவது சிவப்பு. நான் சனி ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். அறிவிப்பாளர் என்னைத் 'தாம்பரத்துக் குயில்' என்பார். நீ 'தாம்பரத்துக் காக்கா' என்பாய்.

மகள் ஆடும் இதே பாட்டின் பக்கம் முழுக்க நீலமாக இருக்கும். நடுநடுவே சிவப்பில் 'ம்ஹூம்', 'ஐயோ', பிறகு அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு'. "இந்தப் பாட்டுல உனக்கு வார்த்தையே இல்லடி. இதுக்கு எதுக்கு ஒரு நோட்டு?" என்று கேட்டாய். அவன் வழியை மறிக்கும் வரிக்குப் பக்கத்தில், சிரிப்பு என்று எழுதியதற்கு அருகே, பென்சிலால் பொடி எழுத்தில் 'எதுக்கு?' என்றும் எழுதி வைத்திருக்கிறாய். அன்று அதைப் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை. செவ்வாய்க்கிழமைதான் பார்த்தேன்.

நமக்குப் படம் என்றால் உயிர். தெருவில் காசு சேர்த்து வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து ஒரே மூச்சில் மூன்று படம் பார்ப்போம். அந்தக் காலத்துப் படங்களில் கதாநாயகனுக்குத் தங்கச்சி என்று ஒருத்தி இருந்தாலே போதும், இடைவேளைக்குள் அவளைக் கெடுத்துவிடுவார்கள். அப்புறம் ஒன்று அவள் தூக்கில் தொங்குவாள், இல்லாவிட்டால் கெடுத்தவனே தாலி கட்டுவான், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கதாநாயகனும் ஒன்றும் குறைந்தவன் இல்லை. அவள் பின்னாலேயே போவான், கையைப் பிடிப்பான், அவள் அறைவாள், அடுத்த பாட்டில் அவன் மேலேயே சாய்ந்து கிடப்பாள். நான் வாயைப் பிளந்து பார்ப்பேன். நீ ஒருமுறை, எல்லோரும் இருக்கும்போதே, "கெடுக்கறதுக்கு இத்தனை லைட்டு போடறாங்க, அவ மேல ஒரு துணி எடுத்துப் போட ஆளில்லை பாரு," என்றாய். உன் அம்மா உன் தலையில் குட்டினாள்.

தெருக்கோடி வீட்டுக்காரரின் மகன் உன் பின்னால் வரத் தொடங்கியது அந்த வருஷம்தான். பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். நீ ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். காலையிலும் மாலையிலும் ரயில்வே கேட் வரைக்கும் பின்னால் பாடிக்கொண்டே வருவான். உன் அம்மா, "தலையைக் குனிஞ்சுகிட்டுப் போயிடு," என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கென்னடி, ஹீரோயின்!" என்றேன். நீ சிரிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதம் நம் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று எங்கள் குழுவின் கச்சேரி. தெருவின் நாலு மூலையிலும் குழாய் ஸ்பீக்கர். கச்சேரியில் நடுவே நேயர் விருப்பம் உண்டல்லவா, கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் மேடைக்கு வரும். இன்ன பாட்டு, இன்னாருக்காக, இன்னார் விரும்பிக் கேட்பது. அந்தச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கி அறிவிப்பாளரிடம் கொடுப்பது என் வேலை. வேண்டாததைக் காலுக்கடியில் போட்டுவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. அவன் எழுதிய சீட்டில் உன் பெயரும் வீட்டு நம்பரும் இருந்தன. பாட்டு, நீ பென்சிலால் 'எதுக்கு?' என்று எழுதியிருந்த அதே பாட்டு.

நான் அதைக் காலுக்கடியில் போடவில்லை. எனக்குக் குதூகலமாக இருந்தது. நீ வெட்கப்படுவாய், நாளைக்கு உன்னை ஓட்டலாம் என்று நினைத்தேன். நல்ல தமாஷ் என்று முதல் சீட்டாக எடுத்துக் கொடுத்தேன். அறிவிப்பாளர் உன் பெயரை இரண்டு முறை வாசித்தார். விசில் பறந்தது. எத்தனை தலை உன் பக்கம் திரும்பியது என்று மேலிருந்து பார்த்தேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்த தலையோடு பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனாய். அந்த நேரம் பாட்டில் என் இடம் வந்தது. சிரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாகச் சிரித்ததில்லை.

ஒன்பது நாள் கழித்து, பகல் ஷிப்ட் முடித்து ஏரிக்கரைப் பக்கம் நீ நடந்து வந்தபோது, பாதி கட்டி நின்ற ஒரு வீட்டுக்குள் அவன் உன்னை இழுத்துப் போய்ப் பலவந்தம் செய்தான். அதற்குமேல் எழுத மாட்டேன். வேறு யாராவது எழுதினால் அதற்கும் லைட்டுப் போடுவார்கள். அவன் உன்னிடம் சொன்னதாக நீ சொன்ன ஒன்று மட்டும்: "முதல்ல எல்லாரும் வேணாம்னுதான் சொல்வீங்க."

போலீஸ் ஸ்டேஷனுக்கு நீயே போனாய். அதுவே நம் தெருவில் அதுவரை யாரும் செய்யாதது. மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். ஒரு பெஞ்சில் நீயும் உன் அம்மாவும். எதிரே அவன், அவன் அப்பா, தெருப் பெரியவர்கள் நாலு பேர். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடச் சொன்னது நீ. என் அப்பா என் பக்கத்தில் நின்று முழங்கையைப் பிடித்திருந்தார்.

"திருவிழாவுல இந்தப் பொண்ணு பேரைச் சொல்லிப் பாட்டுப் போட்டப்போ சிரிச்சுது சார். தெருவே கேட்டுச்சு. இஷ்டம் இல்லாமயா சிரிக்கும்?" என்றார் அவன் அப்பா. பெரியவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நீ வாயைப் பொத்திக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தார்கள். அதே நொடியில் நாலு ஸ்பீக்கரிலும் என் சிரிப்பைக் காதால் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துத் தைத்துக்கொண்டார்கள். பொத்திய வாய்க்குள் சிரிப்புதான் இருக்கும் என்று அவர்களுக்கு எத்தனை படம் சொல்லிக் கொடுத்திருக்கிறது!

"நீதானே பாடின பொண்ணு? மேல இருந்து பார்த்திருப்பே. இவ சிரிச்சாளா, இல்லையா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். 'அது என் சிரிப்பு சார்.' அவ்வளவுதான். அப்பாவின் விரல் முழங்கையில் அழுந்தியது. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மேடையில் பாடுகிற பெண் என்று ஏற்கெனவே முகம் சுளித்த சம்பந்தி வீடு. அந்தப் பாட்டும் அந்தச் சிரிப்பும் என்னுடையது என்று காக்கிச் சட்டைக்கு முன்னால் சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன்.

"தெரியல சார். லைட்டு கண்ணைக் கூசிச்சு," என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "பேசாம ரெண்டு பேருக்கும் முடிச்சு வெச்சுடுங்க," என்றார். பெரியவர்களுக்கு அதில் ஏக சந்தோஷம். படத்தில் வருவது போலவே கதை சுபமாக முடிகிறதே. உன் அம்மாகூட அழுகையை நிறுத்திவிட்டு உன் முகத்தைப் பார்த்தாள். நீ எழுந்து நின்றாய். "படத்துல வேணும்னா கட்டி வைங்க. நான் மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாய். புகாரைப் பதியவே இல்லை. பதினைந்து நாளில் நீங்கள் வீட்டைக் காலி செய்தீர்கள். சாமான் ஏற்றிய அன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பின் கச்சேரியில் அந்த இடம் வந்தால் எனக்குச் சிரிப்பே வரவில்லை. இரண்டு மேடை பார்த்துவிட்டு வேறு பெண்ணை வைத்துக்கொண்டார்கள். கல்யாணமாகிக் குரோம்பேட்டைக்கு வந்தேன். இந்த வீட்டில் யாருக்கும் இந்தக் கதை தெரியாது. என் கணவர் நல்லவர்தான். ஆனால் சொன்னால் அவரும் முதலில் "அந்தப் பொண்ணு சிரிச்சாளா?" என்றுதான் கேட்பாரோ என்று பயம்.

நாலைந்து வருஷம் கழித்து, தாம்பரத்தில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை கிடைத்துப் போன முதல் நாள், மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஏறினால் ஜன்னலோரம் நீ. பல்லாவரத்தில் ஏறி சானடோரியத்தில் இறங்குகிறாய். அதே மாதிரி ஒரு தையல் கம்பெனி, இப்போது சூப்பர்வைசர். ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது. நீ நகர்ந்து இடம் விட்டாய். "குண்டாயிட்டேடி காக்கா," என்றாய்.

ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம். தினம் நாலு நிமிஷம். அதில் சாம்பார், சம்பளம், என் மகளுக்குப் பால் பல் விழுந்தது எல்லாம் பேசினோம். நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவும் போய்விட்டாள், தனியாக இருந்தாய். நானும் எல்லோரும் இருக்கிற வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். அந்த நாலு நிமிஷம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடிக்காது. ஒருநாள் தாங்காமல், "நான் அன்னிக்குச் சொல்லியிருக்கணும்டி," என்றேன். நீ வெளியே பார்த்துக்கொண்டே, "சொன்னாலும் அவங்க நம்பியிருக்க மாட்டாங்க," என்றாய். எனக்கு மூச்சு வந்தது. வண்டி நிற்கப்போகும் நேரம், பையை எடுத்துக்கொண்டு எழுந்து, "ஆனா எனக்குக் காதுல விழுந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். மறுநாள் வழக்கம் போல இடம் பிடித்து வைத்திருந்தாய்.

போன கார்த்திகையில் ஒரு வாரக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். பத்து நாள் ஜன்னலோரம் காலியாக இருந்த பிறகு, உன் கம்பெனிப் பெண் ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நேற்று மத்தியானம் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொண்டு, தாம்பரத்திலேயே இருக்கும், மகள் வேனில் போய்வரும் பள்ளிக்குப் போனேன். நோட்டைப் பையில் வைத்திருந்தேன். "மிஸ், அந்த டான்ஸ்ல என் பொண்ணு சிரிக்க வேண்டாம்," என்றேன். அந்த மிஸ் சின்னப் பெண், நல்ல பெண். "ஏன் மேடம்? சும்மா ஒரு பாட்டுதானே? அவ சிரிக்கிறதுதான் அதுல ஹைலைட்டே," என்றாள். வாய் வரை வந்தது. "ஒண்ணுமில்ல, சும்மாதான்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

வீட்டுக்குப் போக ரயில் ஏறினேன். உன் இடத்தில் ஒரு பூக்காரம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சானடோரியத்தில் நீ இறங்குகிற இடத்தில் சிக்னலுக்காக வண்டி நின்றுவிட்டது. "அது என் சிரிப்பு," என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, சத்தமாகவே வந்துவிட்டது.

"இன்னாம்மா?" என்றாள் பூக்காரம்மா.

ஒண்ணுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னது எல்லாம். சீட்டு, பாட்டு, ஸ்பீக்கர், போலீஸ் ஸ்டேஷன், நீ. அவள் பூக் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வண்டி கிளம்பி, குரோம்பேட்டை வரும்போது முடித்தேன். அவள் கூடையை நகர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு உன்னையே பார்த்துக்கினு இருந்துக்கீது. இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? எதுக்கும்மா சொல்லல?"

நீ ஒருநாளும் கேட்காத கேள்வி. நாலு நிமிஷம் நாலு நிமிஷமாக இத்தனை வருஷம் கேட்காமலேயே வைத்திருந்தாய். பயந்துட்டேன் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி பூக் கட்டத் தொடங்கினாள்.

குரோம்பேட்டையில் இறங்கினேன். வீட்டுப் பக்கம் போகாமல் படியேறி, தாம்பரம் வண்டி வரும் எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய் நின்றேன். பையில் உன் நோட்டு இருந்தது. பள்ளி விட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.