அண்ணன் மாட்டிய வைஸ்

ஆவணி, வெள்ளிக்கிழமை

கோபத்தில் சோறு இறங்கவில்லை. துபாயில் மெக்கானிக்காக இருக்கும் அண்ணன் லீவில் வந்திருக்கிறான். நான் கடைக்குப் போன நேரத்தில், கிடார் ரிப்பேருக்கென்று அலைந்து தேடி வாங்கிய, கிடாரை நசுக்காமல் பிடித்துக்கொள்ளும் என் மர வைஸைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து கொண்டுவந்த இரும்பு வைஸை மேசையில் மாட்டிவிட்டான்.

நான் திரும்பியபோது, சர்ச்சில் வாசிக்கும் டீச்சர் ரிப்பேருக்குக் கொடுத்த கிடாரின் கழுத்தை அதில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தான். “விடுண்ணே!” என்று கத்துவதற்குள் கழுத்து விரிசல் விட்டுவிட்டது.

“லாரி ஆக்சிலையே பிடிக்கும்டா இது. உன் கட்டைதான் சொத்தை.”

“என்னைக் கேக்காம ஏன் தொட்ட?”

“நான் கட்டுன வீட்டுல உன்னைக் கேக்கணுமா?”

அம்மா அவனுக்குக் காபி கலக்கப் போய்விட்டாள். நாளைக்கே கும்பகோணத்தில் வாடகைக்கு இடம் பார்க்கிறேன். டீச்சரிடம் அவனே போய்ச் சொல்லட்டும். சொல்ல மாட்டான். நான்தான் போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டும்.