என் பேரில் நீ பார்த்த ஏழாம் பாடம்

மதினி,

இன்று மத்தியானம் வாட்ச்மேன் அண்ணன் போனிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மூன்று தரம் மணி அடித்து, பிறகு ஒரு பொம்பளைக் குரல் "வணக்கம், பாடத்துக்குள் போகலாமா?" என்று கேட்குமே, அதே சத்தம். எல்.கே.ஜி. பிள்ளைகளின் தண்ணீர்ப் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீதான் வேனுக்குள் உட்கார்ந்து பாடம் பார்க்கிறாய் என்று திரும்பியும் பார்த்தேன். வேப்பமரத்தடியில் வேன் மட்டும் நின்றது. நீ போய் எட்டு மாசம் ஆகிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

இந்த வருசமும் கோர்ஸ் வந்துவிட்டது. வாத்தியார் படிப்புப் படிக்காமல் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற எல்லாருக்கும், ஆயா, டிரைவர், வாட்ச்மேன், தோட்டக்காரர் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல், போனிலேயே முதலுதவி பற்றிப் பன்னிரண்டு பாடம். ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னால் கேள்விகள். முடித்தால் போட்டோ வைத்த சர்டிபிகேட். போன வருசம் பெரிய மிஸ் இதை முதன்முதலில் சொன்னபோது நீ என் காதில் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "கூட்டுறவளுக்கும் பரீச்சையா? இனி வெளக்கமாத்துக்கும் ஹால்டிக்கெட் குடுப்பாக போலருக்கு." நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் உதறல்தான். எட்டாவது முழுப் பரீச்சைக்குப் பயந்து காய்ச்சல் வந்து படுத்தவள் நான். என்னிடம் இருந்ததோ பட்டன் போன்.

நீதான் வழி சொன்னாய். "ஏ புள்ள, மிளகாப்பழம் பறிக்க ஆளு மாத்திக்கிறமா இல்லியா? இன்னிக்கு நான் ஓம் புஞ்சைக்கு, நாளைக்கு நீ எம் புஞ்சைக்கு. அதே மாதிரிதான். மதியத்துல நீ என் வேனைக் கூட்டிக் கழுவிரு. நான் ஒனக்கும் சேத்துப் படிச்சுர்றேன்."

அடடா, இது தோன்றவில்லையே என்று எனக்கு அவ்வளவு சந்தோசம். நம் பரளச்சிப் பக்கத்துப் புஞ்சையில் காலங்காலமாக நடக்கிற காரியம்தானே. யார் பறித்தால் என்ன, பழம் சாக்குக்குள் வந்துவிடும். படிப்பும் அப்படித்தான் வந்துவிடும் என்று நாம் ரெண்டு பேரும் மனசார நம்பினோம். யாரையும் ஏமாற்றுகிறோம் என்று ஒரு நிமிசம்கூடத் தோன்றவில்லை மதினி.

காலை டிரிப்புக்கும் சாயங்கால டிரிப்புக்கும் நடுவே நீ ஆயாவாகப் போகிற வேன் நிழலில் நிற்கும். நீ முன்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து உன் மகனுடைய பழைய போனைப் பார்ப்பாய். நான் பின்னால் முறுக்குத் துண்டும் பென்சில் சீவலும் கூட்டிக்கொண்டிருப்பேன். முதலில் உன் பேரில் ஒரு பாடத்தை முடிப்பாய். பிறகு என் பேரில் அதே பாடத்தை இன்னொரு தரம். அங்கேதான் வந்தது வினை. முதல் தரம் தப்பாகப் போட்ட கேள்வியை எல்லாம் ரெண்டாம் தரம் சரியாகப் போட்டாய். கடைசியில் உனக்கு எண்பத்திரண்டு. எனக்கு நூற்றுக்கு நூறு.

"இந்த மூஞ்சிக்கு நூறாம்ல!" என்று நீ போனை என் முகத்துக்கு நேரே ஆட்டிய ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பிறகு சொன்னாய்: "ஆனா ஒண்ணு புள்ள. தப்பா அமுக்கி, செகப்புல பெருக்கல் குறி வந்து, நம்மளையே காறித் துப்புன மாதிரி இருக்கும் பாரு, அப்பத்தான் மண்டையில ஏறுது. ஏழாம் பாடத்துல ஒரு இரும்புக் கேள்வி. அதுல என்னையக் கவுத்துட்டான்."

இரும்புக் கேள்வி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. சீட்டுக்கு அடியில் யாரோ ஒட்டிய பபிள்கம்மைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். உம் என்றேன். அவ்வளவுதான்.

மார்கழியில் காய்ச்சல் என்று படுத்தாய். மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பெரிய மிஸ் என்னைக் கூப்பிட்டார்கள். "ஒங்க ஆளுகள்ல நீங்க ஒருத்தர்தான் ஃபுல் மார்க். இனிமே சின்னப் பிள்ளைக பக்கம் முதலுதவிக்கு நீங்கதான் பொறுப்பு." அந்த நேரம் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன். மறுநாள் வராந்தாவில் என் போட்டோவோடு ஒரு தாள் ஒட்டிவிட்டார்கள். 'முதலுதவிப் பொறுப்பாளர்.' அந்தத் தாளைத் தாண்டும்போதெல்லாம் அடுத்தவர் சேலையைக் கட்டிக்கொண்டு அவர்கள் வீட்டு விசேசத்துக்கே போய் நிற்பது மாதிரி இருக்கும்.

அதே வாரம் பக்கத்து ஊர் வீரசோழனிலிருந்து ஒரு தாய் தன் மகளைச் சேர்க்க வந்தாள். பிள்ளை பேர் அஃப்ரின். நாலரை வயசு, கொழுகொழுவென்று கன்னம். பிள்ளைக்கு எப்போதாவது வலிப்பு வருமாம், மாத்திரை சாப்பிடுகிறாளாம். ரெண்டு பள்ளிக்கூடத்தில் யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்களாம். அவள் அந்தத் தாளை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இருக்கீகன்னுதான்க்கா இங்க சேக்குறேன்." அன்றிலிருந்து அந்தப் பிள்ளை இருமினாலும் ஓடுவேன், தும்மினாலும் ஓடுவேன்.

ஆடி கடைசியில் ஒருநாள், பிரேயர் முடிந்து பிள்ளைகள் வரிசையாக வரும்போது வந்துவிட்டது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. மிஸ் அலறினாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்கதான படிச்சிருக்கீக, சொல்லுங்க, சொல்லுங்க!" மதினி, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பன்னிரண்டு பாடத்திலும் என் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான். இரும்பு. வலிப்பு வந்தால் நம் ஊரிலும் கையில் இரும்பைத்தானே கொடுப்பார்கள். இடுப்பில் இருந்த வகுப்பறைச் சாவிக் கொத்தை உருவி அந்தப் பிஞ்சுக் கைக்குள் திணித்தேன். "கையக் கால அமுக்கிப் பிடிங்க!" என்றேன். நாலு பேர் அமுக்கினார்கள். அப்போதும் கை திமிறிக்கொண்டு மேலே போனது. சாவி கண்ணுக்குக் கீழே கோடாகக் கிழித்து ரத்தம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றது. அதுவாக நின்றது. ஆனால் எல்லாரும் நான் நிறுத்தியதாகச் சொன்னார்கள். சாவி கீறியதை அந்த அமளியில் யாரும் கவனிக்கவில்லை, விழுந்த இடத்தில் கல் குத்தியிருக்கும் என்றார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. மதியம் வந்த அஃப்ரினின் தாய் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் வகுப்பு மிஸ் ஒரு ஆணி அடித்து, என் போட்டோவுக்குக் கீழே ஒரு பழைய சாவிக் கொத்தை மாட்டிவிட்டாள். அவசரத்துக்கு உதவுமாம். மற்ற ஆயாக்கள் ரெண்டு பேரும் அன்றிலிருந்து இடுப்பில் சாவி இல்லாமல் வருவதில்லை.

இன்று மத்தியானத்துக்கு வருகிறேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்ற என்னை வாட்ச்மேன் அண்ணன் கூப்பிட்டார். "ஏம்மா, நூத்துக்கு நூறு! இங்க வா, ஏழாம் பாடம். ஒரு கேள்வி மட்டும் சொல்லிட்டுப் போ." வலிப்பு வந்த குழந்தைக்கு என்ன செய்வீர்கள்? நாலு விடை. முதல் விடையில் இரும்பு இருந்தது. நான் அதைக் காட்டினேன். அவர் அமுக்கினார்.

சிவப்பில் பெருக்கல் குறி வந்தது.

அவர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "போனு கோளாறு போல. நீ தப்பாச் சொல்லுவியா?" என்றார். போனை நம்பவில்லை அந்த மனுசன், என்னை நம்புகிறார். பாடத்தை மறுபடி போடச் சொல்லி அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். கையில் எதையும் கொடுக்காதே. வாயில் எதையும் வைக்காதே. அமுக்கிப் பிடிக்காதே. சுற்றி இருக்கிற கட்டையை, கல்லை விலக்கு. ஒருக்களித்துப் படுக்க வை. கழுத்துப் பட்டனைத் தளர்த்து. மணியைப் பார். அஞ்சு நிமிசம் தாண்டினால் நூற்றெட்டுக்குப் போன் போடு. பிள்ளைக்கு நினைவு திரும்புகிறவரை பக்கத்தைவிட்டு நகராதே. இவ்வளவுதான். ஒரு வேன் கூட்டுகிற நேரம்கூட ஆகாத பாடம். உன் இரும்புக் கேள்வி எது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எழுந்து போய் ஆணியில் இருந்த சாவிக் கொத்தைக் கழற்றினேன். அந்தக் கீறல் ஒரு விரல்கடை மேலே போயிருந்தால் கண்ணே போயிருக்கும். அடுத்த தரம், நான் லீவில் இருக்கும்போது, இன்னொரு ஆயா என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதையே செய்தால்?

அன்றைக்கு வலிப்பு வந்ததிலிருந்து அஃப்ரினை அவள் தாய் தானே ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப் போகிறாள். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே அவளை நிறுத்திச் சொன்னேன். "தாயி, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. புள்ள மொகத்துல இருக்க கீறலு சாவி கிழிச்சது. அந்தக் கோர்ஸை நான் படிக்கல. எனக்குப் பதிலா வேற ஒருத்தவுக படிச்சாக. அவுக இப்ப உசுரோட இல்ல."

அவள் ஸ்கூட்டியை அணைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. "அந்தத் தாளைப் பாத்துத்தானக்கா இத்தன நாளு நிம்மதியா இருந்தேன்" என்றாள். பிறகு, "இப்பவாச்சும் தெரியுமா?" என்றாள்.

"இன்னிக்குத்தான் பாத்தேன்."

"சொல்லுங்க."

ரோட்டோரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, நான் சொன்னேன். ரெண்டு இடத்தில் தடுமாறினேன். "திருப்பிச் சொல்லுங்க" என்றாள். திருப்பிச் சொன்னேன். அவள் பச்சைக் குறியும் காட்டவில்லை, சிவப்புக் குறியும் காட்டவில்லை. மகள் கன்னத்தில் இருந்த கோட்டை விரலால் ஒருதரம் தடவிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளை மட்டும் திரும்பிப் பார்த்து எனக்கு டாட்டா காட்டியது.

நாளைக் காலையில் முதல் வேலையாகப் பெரிய மிஸ் ரூமுக்குப் போகிறேன். வேலை இருக்குமோ இருக்காதோ. உன்னுடைய எண்பத்திரண்டு நீயே படித்து வாங்கியது என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன், அதில் ஒருத்தரும் கை வைக்க விடமாட்டேன். பிறகு வந்து கேட்டில் நிற்பேன். அந்த ஸ்கூட்டி வராவிட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது. வந்துவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

தப்பாக அமுக்கினால்தான் மண்டையில் ஏறும் என்றாயே மதினி. நீ போனில் அமுக்கினாய். நான் அந்தப் பிள்ளையின் கையில் அமுக்கினேன்.