எதிர் பால்கனியில் இரண்டு சூரியத் தகடுகள்

கஸ்ஸல், மார்ச் 14

ஹைகே,

‘அன்புள்ள’ என்று தொடங்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு முற்றம்தான். இறங்கி வந்து கதவைத் தட்டியே கேட்டிருக்கலாம். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் கத்திவிடுவேன். அதனால்தான் உன் தபால்பெட்டியில் இந்தக் கடிதம்.

நேற்று நம் இரண்டு கட்டிடத்துக்குமான வீட்டு உரிமையாளர் கூட்டத்தில் நான் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? என் பால்கனிக் கம்பியில் இரண்டே இரண்டு சூரியத் தகடுகள் மாட்டிக்கொள்ள அனுமதி. சுவரில் ஓர் ஆணிகூட வேண்டாம், வயரைச் சுவரிலிருக்கும் பிளக்கில் சொருகினால் போதும் என்று படம் காட்டியே விளக்கினேன். ஆதரவாக ஐந்து கை. எதிர்ப்பாக ஆறு. மேல்மாடி டீட்மர் தூக்குவார் என்று தெரியும், அவருக்கு எதுவுமே பிடிக்காது. ஆறாவது கை உன்னுடையது.

முப்பத்தோரு வருடப் பழக்கம் நமக்கு. டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவளுக்கு என்ன ஓய்வூதியம் வரும் என்று உனக்குத் தெரியும். மின்கட்டணத்தைக் குறைக்க வீட்டில் இருந்த பல்பையெல்லாம் எல்.இ.டி.யாக மாற்றியாயிற்று. பழைய குளிர்பெட்டியைத் தூக்கிப் போட்டாயிற்று. டிவியைச் சுவிட்சிலேயே அணைக்கிறேன். இனி அணைக்க மிச்சம் இருப்பது என் மூச்சுதான்.

வெளியே வந்ததும் காரணம் கேட்டேன். “பாக்க நல்லா இருக்காதுடி” என்றாய். பத்து வருடமாய்ப் பால்கனியில் உடைந்த சைக்கிளை வைத்திருக்கிறவள் அழகைப் பற்றிப் பேசுகிறாள்.

ரோஸ்விதா


மார்ச் 17

அன்புள்ள ரோஸ்விதா,

நான் ‘அன்புள்ள’ என்றே எழுதுகிறேன். எனக்குக் கை வருகிறது.

உன் சிக்கனத்தின் அருமையை ஏற்கெனவே அனுபவித்தவள் நான். பிறந்த நாளுக்கு ஒரு பல்பு பரிசாகத் தந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? மற்றவர்கள் பூ தருவார்கள். அந்தப் பல்பைச் சமையலறையில் மாட்டினேன். அந்த வெளிச்சத்தில் தட்டிலிருந்த பன்றிக்கறி பிணவறையிலிருந்து வந்தது போல ஆகிவிட்டது. அன்று ரொட்டி மட்டும் தின்றுவிட்டுப் படுத்தேன்.

மாடிப்படியில் தானாக அணையும் விளக்கும் உன் யோசனைதான். உனக்கென்ன, உன் கட்டிடத்தில் லிப்ட் இருக்கிறது. நான் இரண்டு பை உருளைக்கிழங்கோடு மூன்றாம் மாடி ஏறுவதற்குள் அது அணைந்துவிடுகிறது. அது மறுபடி எரிவதற்காக இருட்டில் நின்று, தண்ணீரில் மூழ்குகிறவளைப் போலக் கையை ஆட்டுகிறேன். அதற்காகச் சண்டைக்கு வந்தேனா?

தகட்டை வேறு எங்கே வேண்டுமானாலும் மாட்டு, நானே ஏணி பிடிக்கிறேன். கம்பியில் மட்டும் வேண்டாம். இதற்குமேல் கேட்காதே.

போனை எடு.

ஹைகே


மார்ச் 19

ஹைகே,

வேறு எங்கே மாட்டுவது? கூரை எல்லாருக்கும் பொது. முற்றத்தில் மரத்து நிழல். வெயில் படுகிற ஒரே இடம் அந்தக் கம்பிதான், காலை பத்திலிருந்து மாலைவரை. அதை நீயே எத்தனையோ தடவை என் பால்கனியில் உட்கார்ந்து, மூக்குச் சிவக்கச் சிவக்க அனுபவித்திருக்கிறாய்.

லம்பெர்ட்ஸிடம் பேசினேன், இந்தக் கூட்டங்களை நடத்தி வைப்பதே அவர் வேலை. மே மாதம் இதை மறுபடி ஓட்டுக்கு விடலாம் என்கிறார். “உங்க ஃபிரெண்டோட பேசிப் பாருங்களேன்” என்று வேறு சொன்னார். வெட்கமாக இருந்தது.

போனை எடுக்க மாட்டேன். ஒழுங்காக ஒரு காரணம் எழுது. இல்லையென்றால் என்னிடம் வாங்கிப் போன கேக் அச்சைத் திருப்பிக் கொடு.

ரோஸ்விதா


மார்ச் 26

அன்புள்ள ரோஸ்விதா,

கேக் அச்சைத் தர மாட்டேன். காரணத்தைத் தருகிறேன். படித்துவிட்டுச் சிரிக்காதே.

போன வருடம் பிப்ரவரியில், கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போய் உறைபனியில் வழுக்கி நீ பால்கனியில் விழுந்தாய். இடுப்பெலும்பு முறிந்து, கத்தக்கூட முடியாமல் ஒன்றரை மணி நேரம் கிடந்தாய். கதவை உடைக்கத் தீயணைப்பு ஆட்களைக் கூப்பிட்டது நான் என்று உனக்குத் தெரியும். எப்படித் தெரிந்தது என்று நீ கேட்டதில்லை.

கம்பிகளுக்கு நடுவே உன் செருப்பு தெரிந்தது. நீலச் செருப்பு, ஒரு கால் மட்டும். அசையவில்லை. முதலில் காயப்போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, போய் ஒரு வாய் காபி குடித்தேன், ரோஸ்விதா. பிறகுதான் திரும்பி வந்து பார்த்தேன். அந்தக் காபி இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்கு என் சமையலறை ஜன்னலில் நிற்கிறேன். நீ காபிக் கோப்பையோடு வெளியே வருவாய். உன் கால்கள் நடப்பது கம்பிகளின் வழியே தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் நான் பல் விளக்கப் போவேன். தகடு மாட்டினால் கம்பி முழுக்க மறைந்துவிடும். நீ விழுந்து கிடந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

இதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லச் சொல்கிறாயா, டீட்மர் முன்னால்?

ஹைகே


மார்ச் 28

அன்புள்ள ஹைகே,

கழுதை. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு வாரத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

எனக்கு உன்மேல் கோபமும் வந்தது. ஒரு வருடமாக ஒருத்தி என் காலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ இரவு உடுப்போடு நின்று சொறிந்துகொண்டிருந்திருக்கிறேன். பிறகு உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். அதற்குப் பிறகு கோபப்பட முடியவில்லை. அந்த ஒரு வாய் காபியை விட்டுவிடு. நான் உயிரோடு இருக்கிறேன்.

ஒரு வழி இருக்கிறது. எந்தச் சாமான் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று பார்க்க மீட்டர் வைத்த பிளக் ஒன்று வாங்கியிருக்கிறேன். அது அளப்பதை இருக்கும் இடத்திலிருந்தே போனில் ஒரு கோடாகப் பார்க்கலாம். அதைக் காபி மிஷினுக்குப் போட்டு, உன் போனிலும் தெரியும்படி செய்துவிடுகிறேன். காலையில் கோடு மேலே ஏறினால் நான் எழுந்துவிட்டேன், நடக்கிறேன், காபி போடுகிறேன். கம்பி வழியே என் காலைப் பார்ப்பதைவிட இது கௌரவமானது.

மே மாதம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று யோசி. ஞாயிற்றுக்கிழமை வா. கேக் அச்சில் கேக்கோடு வா.

ரோஸ்விதா


ஜூன் 9

அன்புள்ள ரோஸ்விதா,

உனக்குப் போன் செய்தால் தகடு எவ்வளவு மின்சாரம் தந்தது என்றே அரை மணி நேரம் பேசுகிறாய். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

மே மாதம் நான் கை தூக்கியதால்தான் உன் தகடு தொங்குகிறது. அதற்கு நன்றியாக, வெயில் சுள்ளென்று அடிக்கும் மதியத்தில் என்னைக் கூப்பிட்டு, “உன் அழுக்குத் துணியையும் கொண்டுவாடி, இப்ப கரண்ட்டு சும்மா போகுது” என்கிறாய். என் உள்ளாடையெல்லாம் முற்றத்தைக் கடந்து போவதை டீட்மர் மாடியிலிருந்து பார்க்கிறார்.

கோடு தினமும் சரியாக ஏறுகிறது. பார்க்கிறேன். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

ஹைகே


நவம்பர் 12

அன்புள்ள ஹைகே,

இந்தத் தடவை போனை எடுக்காதவள் நீ.

நேற்றைக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு வாரமாக மூடுபனி. தகடு ஒன்றுமே தரவில்லை. பத்து மணிக்கு மேல் வெயில் வரும் என்று வானிலையில் சொன்னார்கள். வந்த பிறகு காபி போட்டால் என் மின்சாரத்திலேயே குடிக்கலாமே என்று தோன்றியது. அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் படுக்கையறையில் கிடந்தது.

ஏழே முக்காலுக்குக் கதவு திறந்தது. மழைக்கோட்டுக்குள் இரவு உடுப்பு, காலில் தோட்டத்து ரப்பர் பூட்ஸ், தலை நனைந்து, நான் விழுந்த பிறகு உன்னிடம் தந்து வைத்த என் வீட்டுச் சாவி கையில். உன் உதடு வெளுத்திருந்தது.

“ஏன் கோடு ஏறல?” என்றாய்.

“வெயில் வரட்டும்னு இருந்தேன்” என்றேன்.

நீ திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். நீ திட்டவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாய். சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாய். தரையெல்லாம் உன் பூட்ஸ் தண்ணீர். அதைத் துடைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, நீ உன் மூன்று மாடியையும் எப்படி இறங்கி ஓடி வந்திருப்பாய் என்று. அதுவும் பாதியில் அணைந்துபோகிற அந்த விளக்கில்.

சாவி இந்த உறைக்குள் இருக்கிறது. எடுத்துக்கொள். நாளை முதல் ஏழு மணிக்குக் காபி. பனி பெய்தாலும், சூரியனே செத்தாலும். யாருடைய மின்சாரம் என்று பார்க்க மாட்டேன்.

மன்னித்துவிடு.

ரோஸ்விதா


நவம்பர் 13

ரோஸ்விதா,

கோடு ஏழு ஒன்பதுக்குத்தான் ஏறியது.

ஏழு என்றாயே.

ஹைகே